இமாமின் இரண்டு சொல்

தாராவி, பம்பாய்
1946 ஜூலை 12

மரியாதைக்குரிய காக்கா அவர்களுக்கு, தங்கை சபுரா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி இந்த வருசம் எப்படி? நஸீரா மச்சி சுகமா? அவர்கள் எழுதி ரொம்ப நாளாகிறது, கோபமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பங்கழி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், அவர் வந்துவிடுகிறார். கழித் தண்ணீர் மேலேயே நடந்து வருகிறார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கதவைத் திற என்று சொல்வதில்லை. "கதவு எங்கேளா இருக்கு?" என்று கேட்கிறார். நான் கையைக் காட்டுவதற்குள் பக்கத்துக் கோலியில் (ஒற்றை அறை வீட்டுக்கு இங்கே கோலி என்று பேர்) தையல் மெஷின் ஓட ஆரம்பித்து எழுப்பிவிடுகிறது.

காக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஊர் முழுக்கக் காட்டுப் பாதையில் நடந்ததே, அதில் அவரும் நடந்தார். ஒரு ஆற்றங்கரை வரைக்கும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. நாலு வருசம் கடந்துவிட்டது. நான் இப்போது யார்? மனைவியா, மவுத்தானவரின் மனைவியா? நாலு மாசம் பத்து நாள் இத்தா இரு என்று சொன்னால் வெள்ளை உடுத்தி, மூலையில் உட்கார்ந்து, வயிறெரிய அழுதுவிடுவேன். இப்போது அழவும் பயமாக இருக்கிறது. அழுதால் அவர் போய்விட்டார் என்று நானே முடிவு கட்டியதாகிவிடும். அழாததைப் பார்த்து, கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள் இங்கே.

மாட்டுங்காவில் ஒரு வக்கீல் இருக்கிறார், வேங்கடசுப்ரமணியன் என்று. நாலு வருசம் தகவல் இல்லையென்றால் நம் சமூகத்துப் பெண்ணைக் கோர்ட்டே விடுவிக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறதாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் உங்களுக்கு வந்து சேர வேண்டாம். குர்லாவில் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் பதில் சொல்லவில்லை. வாப்பா இல்லாத இடத்தில் என்னை நிக்காஹ் செய்து கொடுக்கும் வலீ நீங்கள்தான். நீங்கள் வாய் திறக்காமல் நம் மத்ஹப் சட்டத்தில் எனக்கு நிக்காஹ் கிடையாது. வேதம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
சபுரா


மத்ரஸா, காயல்பட்டினம்
1946 ஆகஸ்ட் 6

அன்புத் தங்கை சபுராவுக்கு, உன் காக்கா சிராஜுத்தீன் ஸலாமும் துஆவும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. சளி குறைந்திருக்கிறது. நீ ஸஹருக்கு வெறும் தேநீரைக் குடித்துவிட்டு நோன்பு பிடிக்காதே, உனக்குத் தலைசுற்றல் உண்டு.

நீ கேட்டதற்குப் பதில் கிதாபில் தெளிவாக இருக்கிறது. ஆயிரம் வருசத்துக்கு முன் நம் மத்ஹபை வகுத்த இமாம் இராக்கில் இருந்தபோது, காணாமல் போனவரின் மனைவி நாலு வருசம் காத்திருந்து, பிறகு இத்தா இருந்து மறுமணம் செய்யலாம் என்றார்கள். கலீபா உமர் அவர்களின் தீர்ப்பும் அதுவே. பிற்பாடு எகிப்துக்குப் போனபின் இமாம் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். மவுத்து உறுதியாகும் வரை அவள் அவருடைய மனைவிதான், சோதிக்கப்பட்டவள், பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். பிந்திய சொல்லே நமக்குச் சட்டம். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை, குறைக்கவும் இல்லை.

கனவு சாட்சியாகாது. வக்கீல் காஜியாக மாட்டார். குர்லாக்காரருக்கு நீ பதில் சொல்லாதது நல்லது. அப்படியே இரு.

இங்கே எல்லாரும் சுகம்.

சிராஜுத்தீன்


தாராவி
1946 செப்டம்பர் 20

அன்புள்ள காக்காவுக்கு ஸலாம். பெருநாளுக்கு நீங்கள் எழுதுவீர்கள் என்று தபால்காரர் வழியைப் பார்த்தேன், வரவில்லை. நான் சுகம். நகரத்தில் கலவரம், ஊரடங்கு. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். கழியோரம் ஆளே இல்லாமல் கிடக்கிறது. சாயங்காலமானால் தெருக்கள் யாரோ தூக்கத்தில் பார்க்கிற தெருக்கள் மாதிரி ஆகிவிடுகின்றன.

காக்கா, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்ததே நீங்கள், ஆகவே வாதாடும் புத்தியும் உங்களிடமிருந்து வந்ததுதான், என்னைக் குறை சொல்லக் கூடாது. ஒரே இமாம், இராக்கில் ஒரு சொல், எகிப்தில் ஒரு சொல். ஊர் மாறினதும் பார்த்த ஜனங்களும் மாறியிருப்பார்கள், அதனால்தானே யோசித்தார்கள்? அவர்கள் தாராவிக்கு வந்து என் கோலி வாசலில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அபசாரமாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

நான் வேதத்துக்குப் புதுக் கருத்துச் சொல்லும் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். கரீம் பாட்சா வந்து, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பெரிய பிரசங்கம் செய்தார். "அந்தக் காலத்துல தந்தி உண்டா, ரயிலு உண்டா? நாலு வருசங்கிறது ஒட்டகத்துல தேடுற கணக்கும்மா. இப்ப நாலு மாசம் போதும். வேதத்தோட கருத்தைப் புடிக்கணும், எழுத்தைப் புடிச்சிட்டுத் தொங்கப்படாது" என்றார். நான் உள்ளேயிருந்தே, "அவசரம் ஒங்களுக்கு. அதுக்கு ஏன் கலீபாவைத் துணைக்குக் கூப்பிடுதீங்க?" என்றேன். மனிதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

மாட்டுங்காவுக்குப் போனேன். வக்கீல், "நாலு வருஷம் ஆயிடுத்தோல்லியோ? மனு போட்டுடலாம், கவலைப்படாதேள்" என்றார். அவர் சம்சாரம் விசாலாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, காக்கா. உயரம், இடது புருவத்தில் வெட்டு, ஓதும்போது கண்ணை மூடிக்கொள்வது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா காபியைக் கையில் கொடுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மனு போட்டாகிவிட்டது. கோபிப்பீர்கள், தெரியும்.

நஸீரா மச்சியைப் பற்றிக் கேட்டிருந்தேன். கண்ணில் படவில்லையா?

சபுரா


மத்ரஸா, காயல்பட்டினம்
1946 அக்டோபர் 9

சபுராவுக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கோர்ட்டுக்குப் போனது எனக்கு வருத்தம். உன் புருசனை மவுத்து என்று ஒரு கோர்ட்டுக் கச்சேரி எழுதிக் கொடுத்தால் நான் அதை ஏற்று, உன் நிக்காஹுக்கு வந்து உட்கார வேண்டுமா? உட்கார மாட்டேன். உடலை ஜனாஸாவாகக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இல்லை. உயிரோடு இருக்கிற மனிதனை நாமே குழி தோண்டிப் புதைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒவ்வொருவரும் தம் தேவைக்கு ஏற்பக் கருத்தை வளைத்தால், வளையாதது எது மிஞ்சும் சொல்? எழுத்து அப்படியே நிற்கட்டும்.

இங்கே மழை தொடங்கவில்லை. எல்லாரும் சுகம்.

சிராஜுத்தீன்


தாராவி
1947 ஜனவரி 3

காக்கா அவர்களுக்கு ஸலாம். சளிக்காலம் வந்துவிட்டது, கழுத்தில் துணி சுற்றாமல் விடியலில் சுபுஹுக்குப் போகாதீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் கடைசியில் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஆனால் அது உடனே செல்லாது. ஆறு மாசம் பொறுக்க வேண்டும். அதற்குள் அவர் வந்து, நான் இருக்கிறேன், இவளை வைத்து வாழ்வேன் என்று சொன்னால் தீர்ப்பு ரத்து. இங்குள்ள காஜி அவர்களையும் பார்த்தேன். ஆறு மாசமும் தேடிப் பார்ப்போம், ரங்கூன் ஜமாஅத்துக்கும் எழுதுவோம், ஒரு தகவலும் இல்லையென்றால் நானே தீர்ப்புச் சொல்கிறேன் என்றார்கள்.

அந்த நாளிலிருந்து நான் பாதி இங்கே, பாதி எங்கேயோ இருக்கிறேன். கூலிக்குத் தோல் பைகளுக்கு உள்துணி தைக்கும்போது ஊசி பாட்டுக்குப் போகிறது, நான் காட்டுப் பாதையில் நடக்கிறேன். ரயில் போனால் இறங்குகிறவர்களை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கதவு தட்டினால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பால்காரனாக இருந்தால் ஏமாற்றம். காக்கா, அதோடு ஒரு நிம்மதியும் வருகிறது. அந்த நிம்மதியைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. எதற்காக துஆ கேட்பது? கையை ஏந்திக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய மரியம் மாமி, கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு ரயிலேறும் வரை என்னோடு தங்கினார்கள். ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தார்கள். நஸீரா மச்சி எப்படி என்று கேட்டேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ஒனக்குத் தெரியாதா புள்ளே? ஒங்க காக்கா அந்த வாசப்படி ஏறி வருசம் மூணு ஆவுதே" என்றார்கள். "ஊருல யாரு கேட்பா? நம்ம வழக்கத்துல பொண்ணு அவ உம்மா வீட்டுலதானே இருப்பா, மாப்பிள்ளைதானே வந்து போவணும். வராட்டி யாருக்குத் தெரியும்? ஆலிம்சா மத்ரஸாவுல ஓதிக்கொடுக்காஹ, அங்கேயே படுத்துக்கிடுதாஹன்னு நெனைச்சுக்கிடுதாஹ. மாசம் பொறந்தா அரிசி வந்துருது, பெருநாளைக்குச் சேலை வந்துருது. அவளும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

ஏன் காக்கா? அரிசியும் சேலையும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஆகவே கொடுக்கிறீர்கள். மனைவியை அந்தரத்தில் தொங்குகிறவளைப் போல விட்டுவிடாதீர்கள் என்றும் எழுதியிருக்கிறதே. பல மனைவியர் உள்ளவருக்குச் சொன்ன வசனம் அது என்பீர்கள். உங்களுக்கு இருப்பதே ஒருத்தி. நான் புதுக் கருத்து எதையும் சொல்லவில்லை, கரீம் பாட்சா பக்கத்திலும் இல்லை. நீங்கள் எனக்கு ஓதிக் கொடுத்தபடி, எழுத்துக்கு எழுத்துப் படிக்கிறேன். என்னைத் தொங்கவிட்டவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. மச்சியைத் தொங்கவிட்டவர் நாலு தெரு தள்ளி உட்கார்ந்து எனக்குப் பொறுமையைப் பற்றி எழுதுகிறார்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை.

சபுரா


தாராவி
1947 மார்ச் 8

காக்காவுக்கு ஸலாம். பதில் இல்லை. கோபமென்றால் கோபம் என்றாவது ஒரு கார்டு போடுங்கள். உடம்புக்கு ஏதாவதா? நேற்று சுபுஹுக்குப் பிறகு படுத்தபோது உங்களையும் பார்த்தேன். நீங்களும் அவரும் சின்ன வயசில் ஓடுவீர்களே, கடற்கரை மணலில், மத்ரஸா விட்டதும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்படியே ஓடினீர்கள். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினீர்கள். அவர் பின்னால் இல்லை.

விழித்ததும்தான் நினைத்தேன். உங்கள் கடிதம் எதிலும் மீரான் என்று நீங்கள் எழுதவே இல்லை. என் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் உங்களுக்கு மீரான்தானே. ஓலைப் பாயில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஓதியவர்கள். என் வயிற்றெரிச்சலில் உங்களுடையது எனக்குத் தெரியாமல் போய்விட்டதா?

எழுதுங்கள் காக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

சபுரா


மத்ரஸா, காயல்பட்டினம்
1947 ஏப்ரல் 2

சபுராவுக்கு ஸலாம். கடிதங்கள் கிடைத்தன. உடம்புக்குக் குறையில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ரங்கூன் ஜமாஅத்துக்கு நானும் எழுதியிருக்கிறேன். நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இது ஒன்பதாவது தடவை என்பது உனக்குத் தெரிய நியாயம் இல்லை.

சிராஜுத்தீன்


தாராவி
1947 மே 30

காக்கா அவர்களுக்கு ஸலாம். நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

ஆறு மாசம் முடிந்துவிட்டது. அவர் வரவில்லை. ரங்கூனிலிருந்து வந்த பதிலில், அந்தப் பாதையில் போனவர்களில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்றும், அந்த ஆற்றைத் தாண்டியவர்கள் வரிசையில் செய்யிது மீரான் என்ற பெயர் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். காஜி அவர்கள் அதை வைத்து, அவர் மவுத்தானவராகவே கருதப்படுவார், இன்று முதல் நான் இத்தா இருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெள்ளை உடுத்திவிட்டேன். கரீம் பாட்சாவுக்குச் சொல்லி அனுப்பினேன், இத்தா முடியும் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று. "நீங்க எழுத்துக்கு எழுத்து இருங்கம்மா. நான் தொந்தரவு பண்ணல" என்று பதில் வந்தது. அவருக்கும் கொஞ்சம் எழுத்து ஏறியிருக்கிறது போல.

காக்கா, நிக்காஹைப் பற்றி இப்போது கேட்கவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் உங்கள் தங்கை. எல்லாம் முறையாகச் செய்துவிட்டேன், ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் மவுத்து என்று இருக்கிறது. எனக்கு இன்னும் அவர் நடந்துகொண்டுதான் இருக்கிறார். அவரை உட்காரச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

சபுரா


காயல்பட்டினம்
1947 ஜூன் 14

என் கண்ணான சபுராவுக்கு, மச்சி நஸீரா ஸலாம் சொல்லி, உச்சி முகர்ந்து எழுதுவது. இத்தாவில் இருக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது, கஞ்சியாவது குடி. நான் இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டிவருமே என்றுதான் எழுதவில்லை.

உன் காக்கா ஏன் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார் என்று மரியம் மாமிக்குத் தெரியாது, ஊரில் யாருக்குமே தெரியாது. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான், "மீரான் மச்சான் இனி வர மாட்டாஹ. அவுஹளுக்கு ஒரு காயிப் ஜனாஸாவாவது தொழ வையுங்க. நம்ம மத்ஹபுலதான் அதுக்கு எடமிருக்கே" என்றேன். உடம்பு இல்லாமலேயே, தூரத்தில் மவுத்தானவருக்காகத் தொழும் தொழுகைதானே அது. நான் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். "அவனை நீ சாவடிக்கிறியா?" என்றார். எழுந்து போனவர்தான். மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்ப எனக்கும் ரோசம் விடவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு?

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜனங்கள் எழுந்திருக்கும்போது உன் காக்கா, "யாரும் போகாதீஹ" என்று சொல்லியிருக்கிறார். என் வாப்பா முதல் வரிசையில் இருந்தார், வந்து சொன்னது. கருத்து வேறுபட்ட விஷயத்தில் காஜி தீர்ப்புச் சொல்லிவிட்டால் வேறுபாடு முடிந்தது, அதுவும் நம் கிதாபிலேயே இருக்கிறது என்றாராம். பிறகு, "செய்யிது மீரானுக்குக் காயிப் ஜனாஸா" என்று பேரைச் சொன்னார். பேரைச் சொன்னபோதே பள்ளியில் சலசலப்பு எழுந்ததாம். மூன்றாவது தக்பீரில், மூன்றாம் முறை அல்லாஹு அக்பர் சொன்ன பிறகுதானே மவுத்தானவருக்காக துஆ கேட்பது, அங்கே வந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் நாலாவது தக்பீர் வந்ததாம்.

அங்கிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். படியேறவில்லை, கீழேயே நின்றார். தாடி நனைந்திருந்தது. இத்தனை வருசமாக எத்தனையோ பேச்சுச் சேர்த்து வைத்திருந்தேன் சபுரா, ஒன்றாவது வாயில் வரட்டும்!

"மீரான் போயிட்டான் நஸீரா" என்றார்.

"தெரியும். உள்ள வாங்க" என்றேன்.

இரவும் தங்கினார். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. எனக்குக் கோபம் இருக்கிறது, அவரிடம் சொல்லியும்விட்டேன், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். காலையில் உனக்கு எழுத உட்கார்ந்தார், சிலேட்டைப் பார்க்கிற பிள்ளை மாதிரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் தள்ளி, "நீ எழுது. இத்தா முடிஞ்சதும் நான் வலீயா வாறேன்னு எழுது. குர்லாக்காரரை நான் நேருல பார்க்கணும்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். நானும் கூட வருகிறேன்.

மீரான் மச்சானை இங்கே தொழுது, துஆ ஓதி, அனுப்பி வைத்துவிட்டோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வீடு நிறைய வந்திருக்கிறார்கள், உன்னைக் கேட்டுக் கேட்டு அழுகிறார்கள். அவர் இனி நடக்க வேண்டாம் சபுரா. நீயும் அழு.

உன் மச்சி
நஸீரா